மூடிக்குள் எரிந்த விளக்கு

பத்துக் கன்னியர் உவமையை வைத்து நாம் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். எண்ணெய் இல்லாமற்போன ஐவரைக் கடிந்தும், முன்மதியோடு இருந்த ஐவரைப் புகழ்ந்தும் பேசியிருக்கிறோம். கடிந்துகொள்ளப்பட்ட ஐவரும் எண்ணெயை வேண்டுமென்று தரையில் கொட்டியவர்கள் அல்லர். விளக்கு எரிந்துகொண்டிருப்பதைக் கண்டு, இருப்பது போதும் என்று நம்பியவர்கள். இந்த எளிய உண்மை ஐம்பது வயதைக் கடந்த பிறகே நமக்கு உறைத்தது. உறைக்கச் செய்தது மறைநூல் விளக்கவுரை எதுவுமன்று. பங்கு இல்லத்துக் காரின் பேட்டரி.

அன்புள்ள வாசகர்கள் நகைக்க வேண்டாம். படைக்கப்பட்டவற்றின் வழியாகப் படைத்தவரை அறிய முடியும் என்று குருத்துவக் கல்லூரியில் கற்றோம். ஈயமும் அமிலமும் அந்தப் படைப்புக்குள் அடங்கியவைதாமே.

நமது பங்கு தாம்பரத்துக்கு மேற்கே இருக்கிறது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று சென்னைக்கு வெளியே ஒதுங்கிக் கிடந்த இவ்வூர் 2021ஆம் ஆண்டு மாநகராட்சி ஆயிற்று. ஏரிகளையும் வயல்களையும் ஒட்டி எழுந்த புதுநகர்களில் தூத்துக்குடி, குமரி, திருச்சி, தஞ்சை எனப் பல மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக வந்த நம் மக்கள் சிதறி வாழ்கின்றனர். அவர்களை நாடிச் செல்லும் பங்குத் தந்தையின் பயணங்களோ மிகக் குறுகியவை. முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை, மருத்துவமனையில் ஒரு சந்திப்பு, மாலையில் ஓர் அன்பியக் கூட்டம், நடுவில் ஒரு கல்லறைச் சடங்கு. ஒரே நாளில் எட்டுப் பத்து முறை காரைக் கிளப்புவோம். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. சில நாள்களில் கார் வாசலைவிட்டு நகர்வதே இல்லை.

சென்ற ஆண்டு அக்டோபர், செபமாலை மாதம். ஒவ்வொரு மாலையும் ஒரு தெருவில் செபமாலை நடந்தது. அன்னையின் சுரூபத்தைப் பின்னிருக்கையிலும், ஒலிபெருக்கிக் கருவியின் கனத்த மரப்பெட்டியை டிக்கியிலும் ஏற்றிச் செல்வோம். மாதத்தின் நடுவில் ஒரு காலை, சாவியைத் திருப்பியபோது எஞ்சின் ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது. பங்குப்பேரவை உறுப்பினர் ஒருவர் தம் காரைப் பக்கத்தில் நிறுத்தி, இரு கம்பி வடங்களால் இரண்டு பேட்டரிகளையும் இணைத்துக் கிளப்பிக் கொடுத்தார். "சாமி, ராத்திரி விளக்கை அணைக்க மறந்திருப்பீங்க" என்றார். இருக்கலாம் என்று நாமும் விட்டுவிட்டோம்.

நான்கு நாள் கழித்து மீண்டும் அதே முனகல். அருகிலிருந்த கடையொன்றில் காட்டினோம். ஒரு கருவியை வைத்துப் பார்த்த கடைக்காரர், பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்று தீர்ப்பளித்தார். மூன்றாண்டு உழைத்த பேட்டரி. நமது வெயிலில் அதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை என்றும் சொன்னார். அவர் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. வெப்பம் மிகுந்த ஊர்களில் பேட்டரி விரைவில் தளர்கிறது. புதியது வாங்கினோம். மாதத்தின் கடைசி வாரம் நாள்தோறும் கார் ஓடியதால் குறை தெரியவில்லை. நவம்பர் பிறந்து, ஓட்டம் குறைந்ததும் புதிய பேட்டரியும் பழையதைப் போலவே படுத்துக்கொண்டது.

இங்கேதான் நம் குற்றம் தொடங்குகிறது. பங்கு இளைஞர் இயக்கத்தைச் சேர்ந்த ஒருவன் ஞாயிறுதோறும் காரைக் கழுவித் துடைப்பான். நீண்ட பயணம் என்றால் ஓட்டியும் வருவான். கூலி கேட்டதில்லை. காரைக் கழுவும்போது பாட்டுக் கேட்கும் பழக்கம் அவனுக்கு உண்டு என்பதை அறிவோம். புதிய பேட்டரியும் இறங்கிவிட்ட அந்தக் காலையில், பலர் நிற்கும் கோயில் முற்றத்தில் வைத்து, "நீ பாட்டுக் கேட்டுவிட்டு அணைக்காமல் போவதால்தானே இந்தச் செலவு" என்று உரக்கக் கேட்டோம். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாம் திருப்பலிக்கு நேரமாயிற்று என்று திரும்பி நடந்தோம். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. காரைக் கழுவ மட்டுமன்று, திருப்பலிக்கும் வரவில்லை. அவன் தாய் தனியே வந்து, தலையைக் குனிந்தவாறு நற்கருணை வாங்கிச் சென்றார்.

நவம்பர் இறுதியில் ஓரிரவு. வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இரண்டு மணி இருக்கும், தொலைபேசி ஒலித்தது. முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி பேசினார். "சாமி, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. அவஸ்தை பூசணும். அம்மா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க." அந்த மூதாட்டியை நன்கறிவோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் முழுவதும் நீரில் நின்றபோது, மாடிப்படியில் அமர்ந்து அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு இரவெல்லாம் செபமாலை சொன்னவர் என்று அவரைப் பற்றிக் கூறுவார்கள். புனித எண்ணெயையும் நற்கருணைச் சிமிழையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினோம். சாவியைத் திருப்பினோம். முகப்பு விளக்கு மங்கலாக எரிந்தது, எஞ்சின் அசையவில்லை.

ஆட்டோக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் எழுப்ப முயன்றோம். எடுக்கவில்லை. சாலைக்கு நடந்து போய் மழையில் நின்றோம். ஆட்டோ ஒன்று கிடைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. நாம் போய்ச் சேர்ந்தபோது மூதாட்டியின் கண்களை மகள் மூடி முடித்திருந்தார். கால் மணி நேரம் ஆகியிருந்தது. நோயிற்பூசுதல் உயிரோடிருப்போருக்கான அருட்சாதனம். இறந்தவருக்குத் திருச்சபை அதை வழங்குவதில்லை. எனவே இறந்தோருக்கான மன்றாட்டுகளைச் சொல்லி, புனித நீர் தெளித்து, மழை விடும்வரை அங்கேயே இருந்தோம். "கார் கிளம்பவில்லை, அம்மா" என்று மகளிடம் சொன்னோம். அவர் ஒன்றும் கூறவில்லை.

கார் கிளம்பவில்லை என்பது உண்மை. ஆனால் முழு உண்மையன்று. நாம் கடிந்து அனுப்பிய அந்த இளைஞனின் வீடு கோயிலிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறது. அவனிடம் மோட்டார் சைக்கிள் உண்டு. ஓர் அழைப்பு விடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிச்சூருக்குக் கொண்டுபோய் விட்டிருப்பான். மழையில் நின்ற நாற்பது நிமிடமும் அவன் எண் நம் கையிலிருந்த கைப்பேசியிலேயே இருந்தது. அழைக்க மனம் வரவில்லை. பலர் முன்னிலையில் குற்றஞ்சாட்டியவனிடம் இரவு இரண்டு மணிக்கு உதவி கேட்பதா என்ற வீம்பு நம்மைத் தடுத்தது.

இறைவன் தம் ஆற்றலை அருட்சாதனங்களுக்குள் கட்டிப்போட்டவர் அல்லர் என்று தூய தோமா அக்குவினார் கற்பித்திருக்கிறார். அந்த மூதாட்டியைப் பொறுத்தமட்டில் இந்தப் போதனை நமக்கு ஆறுதல். நம்மைப் பொறுத்தமட்டில் அதில் ஆறுதல் இல்லை. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இறந்தார் என்பதை எந்த இறையியலும் மாற்றிவிடாது.

திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில், பெருங்களத்தூரில் சிறு பட்டறை நடத்தும் வாகன மின்பணியாளர் ஒருவரிடம் காரைக் கொண்டு சென்றோம். இசுலாமியப் பெரியவர், எல்லாரும் 'பாய்' என்றே அழைப்பர். வண்டலூரில் ஸ்டாண்டர்டு கார்த் தொழிற்சாலை இயங்கிய காலத்தில், 1980களில், அங்கே இளம் தொழிலாளியாக இருந்தவர். தொழிற்சாலை நின்றுபோன பின் பட்டறை வைத்துப் பிழைத்தவர்.

நாம் போனவுடன் அவர் காரின் முகப்பைத் திறக்கவில்லை. நம்மைக் கேள்வி கேட்டார். "எத்தனை நாள் நின்ன பிறகு கிளம்ப மாட்டேங்குது, ஃபாதர்? தினம் ஓட்டினா கிளம்புதா? புதுசா ஏதாவது மாட்டினீங்களா? எந்த மாசத்திலிருந்து?" மருத்துவர் நோயாளியிடம் கேட்பதைப் போலவும், நல்ல ஆன்ம குரு பாவ அறிக்கை செய்பவரிடம் கேட்பதைப் போலவும் பொறுமையாகக் கேட்டார். நாம் இதுவரை யாரிடமும் இப்படிக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாம் கேட்ட ஒரே கேள்வி, "நீதானே காரணம்?"

"பேட்டரி இறங்குதுன்னா மூணு வழிதான், ஃபாதர். பேட்டரியே பிடிச்சு வைக்காம இருக்கலாம். வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறாம இருக்கலாம். ஏறினது எங்கேயோ ஒழுகலாம். ஒண்ணொண்ணா பார்ப்போம்" என்றார்.

முதலில் பேட்டரியின் இரு முனைகளிலும் வெள்ளையும் பச்சையுமாகப் படிந்திருந்த உப்பைச் சுடுநீரும் ஆப்பச் சோடாவும் கொண்டு கழுவினார். பிறகு பேட்டரியை ஓரிரவு முழுவதும் மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, மறுநாள் காலை மீட்டரை வைத்தார். 12.6 வோல்ட். நிறைந்த பேட்டரிக்குரிய அளவு அது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். 12க்குக் கீழே இறங்கினால் ஏறத்தாழ வெறுமை. நிறைவுக்கும் வெறுமைக்கும் இடையே ஒரு வோல்ட்கூட இல்லை என்பது நமக்கு வியப்பாயிருந்தது. வெளியே நின்று பார்ப்பவனுக்கு அந்த வேறுபாடு தெரியாது. சிறு விளக்குகள் எரியும், ஒலிப்பானும் ஒலிக்கும். எஞ்சினைத் தூக்கிச் சுழற்ற வேண்டிய நொடியில்தான் உள்ளிருப்பது வெளிப்படும். திருப்பலியும் கூட்டங்களும் வழக்கம்போல் நடந்துகொண்டிருக்க, எழுந்து ஓட வேண்டிய இரவில் அசையாமல் நிற்கும் குருத்துவமும் உண்டல்லவா?

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு அளந்தார். 14.1 வோல்ட். ஆல்டர்னேட்டர் நன்றாகவே ஊட்டுகிறது. அன்று மாலை பேட்டரியின் எதிர்முனை வடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். சென்று வடத்தை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் கார் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. "பார்த்தீங்களா? பேட்டரி பிடிச்சு வைக்குது. வண்டியிலதான் ஒழுக்கு இருக்கு" என்றார்.

இனி ஒழுகும் இடத்தைக் காண வேண்டும். சாவியை எடுத்து, கதவுகளையெல்லாம் சாத்தி, எதிர்முனைக்கும் அதன் வடத்துக்கும் இடையே ஆம்பியர் அளக்கும் மீட்டரை இணைத்தார். "இப்ப உடனே பார்க்கக் கூடாது. இந்தக் காலத்து வண்டியில சின்னச் சின்னக் கருவியெல்லாம் தூங்கப் போறதுக்கு நேரம் எடுக்கும். அரை மணி நேரம் யாரும் தொடாதீங்க. நான் லுகர் தொழுதுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குச் சென்றார். பட்டறையின் மர இருக்கையில் அமர்ந்து நாமும் கட்டளைச் செபத்தின் நண்பகல் பகுதியைச் சொல்லி முடித்தோம்.

அவர் திரும்பிவந்து மீட்டரைப் பார்த்தார். 0.46 ஆம்பியர். உறங்கும் காருக்கு 0.05 வரை இருக்கலாம். கடிகாரத்துக்கும் பூட்டுக்கும் அது தேவை. இங்கே அதைப்போல் ஒன்பது மடங்கு போய்க்கொண்டிருந்தது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பாட்டுப் பெட்டியின் ஃப்யூஸைப் பிடுங்கியபோது முள் அசையவே இல்லை. நம் முகம் சுருங்கிற்று. இன்னும் இரண்டு மூன்றைப் பிடுங்கிப் பார்த்தபின், ஒன்றில் அளவு சட்டென்று 0.04க்கு இறங்கியது. உள்விளக்குகளுக்கான ஃப்யூஸ் அது. கூரை விளக்கு அணைந்தேயிருந்தது. அவர் ஃப்யூஸைத் திரும்ப மாட்டி, பத்து நிமிடம் பொறுத்து, டிக்கியைத் திறந்து, "சீக்கிரம் அந்த விளக்கைத் தொட்டுப் பாருங்க ஃபாதர்" என்றார். தொட்டோம். விரலைச் சுட்டது.

டிக்கியை மூடினால் விளக்கு அணைய வேண்டும். மூடி வந்து அழுத்துவதற்காக ஓரத்தில் ஒரு சிறு முளை இருக்கிறது. அது வளைந்து கிடந்தது. அதன் அருகே தகட்டில் ஒரு சிராய்ப்பு. ஒலிபெருக்கிப் பெட்டியின் இரும்பு மூலை உரசிய தடம். செபமாலை மாதத்தில் அவசர அவசரமாகப் பெட்டியைத் தூக்கிப் போட்டவர் யார்? நாம்தான். அன்றிலிருந்து, இரவும் பகலும், பூட்டிய மூடிக்குள் யாருக்கும் ஒளி தராமல் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. நாம் நாள்தோறும் செல்லும் சாலையின் வடக்கே, பரங்கிமலைக்குத் தம் பெயரைத் தந்த திருத்தூதர் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றார். நாமும் தொட்ட பிறகே நம்பினோம்.

பாய் ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. எஞ்சினைக் கிளப்பும்போது பேட்டரி ஏறத்தாழ இருநூறு ஆம்பியர் வரை கொடுக்கிறது. மூன்று வினாடிக்குள் வேலை முடிந்துவிடும். அந்த ஐந்து வாட் விளக்கு கேட்பதோ அரை ஆம்பியரைவிடக் குறைவு. ஆனால் கிளப்புவதற்குச் செலவான முழு மின்சாரத்தையும் அவ்விளக்கு இருபத்து நான்கே நிமிடத்தில் குடித்துவிடுகிறது. ஒரு நாளில் பத்து ஆம்பியர்-மணி; நம் பேட்டரியின் கொள்ளளவோ முப்பத்தைந்து. இரண்டு நாள் நின்றால் கிளம்புவதே ஐயம். நமது பயணங்கள் குறுகியவை ஆதலால் இழந்ததை மீட்கவும் வாய்ப்பில்லை. பெருமுயற்சிகள் பேட்டரியைக் கொல்வதில்லை. அவற்றுக்காகவே அது செய்யப்பட்டிருக்கிறது.

திருவிழாக்களும் தவக்கால அலைச்சலும் நம்மைக் களைப்படையச் செய்கின்றன என்று நாம் முறையிடுவதுண்டு. குடும்பத்தவரும் அவ்வாறே, பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் மாமியாரின் நோயும் தங்களை வற்றச் செய்துவிட்டன என்பர். அவை பாரமானவை என்பதை மறுக்கவில்லை. எனினும் அன்று பட்டறையில் அமர்ந்து நாம் நம்மையே கேட்டுக்கொண்டோம். நமக்குள் எந்த மூடிக்குள் எந்த விளக்கு எரிகிறது?

விடை தேட நெடுநேரம் ஆகவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, கோயில் மதில் கட்டிய கணக்கில் நாம் கையாடல் செய்ததாக ஒருவர் கூட்டத்தில் எழுந்து குற்றஞ்சாட்டினார். கணக்குச் சரியென்று பிறகு மெய்ப்பிக்கப்பட்டது. அவரை மன்னித்துவிட்டதாகப் பலரிடமும் சொன்னோம். மூடியை இழுத்துச் சாத்திப் பூட்டியும் விட்டோம். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒலித்த சொற்களை இன்றுவரை உறக்கம் வராத இரவுகளில் ஒன்றுவிடாமல் சொல்லிப் பார்க்கிறோம்; அன்று சொல்லத் தவறிய பதில்களைத் திருத்தித் திருத்திச் சொல்கிறோம். ஆதாரமின்றிக் குற்றஞ்சாட்டப்படுவதன் வலியை அவ்வளவு கவனமாக எரியவிட்டுக் காத்த நாமே, ஆதாரமின்றி ஓர் இளைஞனைப் பலர் முன்னிலையில் குற்றஞ்சாட்டினோம். வலியை அறிந்திருந்தது நம்மைத் தடுக்கவில்லை. அது நம்மிடமிருந்த பொறுமையைத்தான் தின்றிருந்தது.

ஈயப் பேட்டரிக்கு இன்னோர் இயல்பு உண்டு. மின்சாரம் வெளியேறும்போது அதன் தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலை திரும்பும். வெறுமையாகவே பல நாள் விட்டுவிட்டால் அப்படிவம் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் இளகாது. 2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் ஊரடங்கு நீடித்தபோது, வாசலில் அசையாது நின்ற கார்களின் பேட்டரிகள் பல அவ்வாறே பாழாயின. பாரவோனின் உள்ளம் கடினப்பட்டதும் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. ஒவ்வொரு மறுப்புக்குப் பிறகும் திரும்ப வர வழியிருந்தது, அவன் தாமதித்தான்.

வோல்ட்டா 1800ஆம் ஆண்டு அமைத்த முதல் மின்கலம் தீர்ந்தால் தீர்ந்ததே. வெறுமையான பின்னும் மீண்டும் நிரப்பத்தக்க ஈய அமில பேட்டரியைப் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டு உருவாக்கினார். அதே நாட்டில் அதே ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள்தான் பங்குக் குருக்களின் பாதுகாவலரான தூய ஜான் மரிய வியான்னி ஆர்ஸ் சிற்றூரில் இறந்தார். ஒப்புரவுத் தொட்டியில் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வரை அமர்ந்திருந்தவர். களைப்பும் தகுதியின்மை உணர்வும் மேலிட்டுப் பங்கைவிட்டே ஓடிப்போக முயன்றவர் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் திரும்பிவந்தார். வெறுமையானவர்கள் மீண்டும் நிரப்பப்படலாம் என்பதை அந்த மரத் தொட்டியில் அமர்ந்து ஆயிரமாயிரம் பேருக்குக் கற்பித்தவர், அதைத் தாமும் கற்க வேண்டியிருந்தது.

பாய் முளையை நிமிர்த்திச் சரிசெய்தார். உழைப்புக்கு அவர் கேட்ட தொகை, நாம் புதிய பேட்டரிக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்குகூட இல்லை. கார் வைத்திருக்கும் நம் வாசகர்களுக்காக அவரிடம் கேட்டறிந்தவற்றையும் சொல்லிவிடுகிறோம். பேட்டரி இறங்கினால் புதியதை வாங்குமுன், எஞ்சின் ஓடும்போதும் உறங்கும்போதும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வாங்கிய பின் பொருத்திய கேமரா, பாட்டுப் பெட்டி, எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றின் இணைப்புகளை முதலில் சோதியுங்கள். வாரம் ஒருமுறையேனும் அரைமணிக்குக் குறையாமல் தொடர்ந்து ஓட்டுங்கள். மாதக்கணக்கில் சொந்த ஊருக்குப் போவதாயின் எதிர்முனை வடத்தைக் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் வாயு வெளியாவதால், அதனருகே நெருப்பு வேண்டாம்.

அன்று மாலையே அந்த இளைஞனின் வீட்டுக்கு நடந்து சென்றோம். அவன் தாய் பதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவனிடம் நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "விடுங்க ஃபாதர். அன்னைக்கே சொல்ல வந்தேன். அந்தப் பெட்டியை வச்சதிலிருந்து டிக்கி ஓரத்துல ஏதோ இடிக்குதுன்னு" என்றான். முற்றத்தில் அவன் வாயெடுத்தபோது சொல்ல இருந்தது அதுதான். கேட்டிருந்தால் அவ்வொரு நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். முடிச்சூர் மூதாட்டியும் புனித எண்ணெய் பூசப்பெற்று விடைபெற்றிருப்பார். பலர் முன்னிலையில் சொன்ன பழியைப் பலர் முன்னிலையிலேயே திரும்பப் பெற வேண்டும் என்பதால், வந்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் அதையும் செய்தோம். அவன் அன்று கோயிலில் இல்லை. இரண்டு வாரம் கழித்து, கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கு வந்து, பின்வரிசையில் நின்றான்.

மூதாட்டியின் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் மகளிடம், மழையில் நின்ற நாற்பது நிமிடத்தில் நாம் செய்யத் தவறியதைச் சொன்னோம். சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு மூடிக்குள் எரியத் தொடங்கிவிடும் என்று அஞ்சினோம். அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். உடனே ஒன்றும் கூறவில்லை. படியிறங்கிப் போனவர் திரும்பிவந்து, "சாமி, இனிமே ராத்திரியில யாருக்காவது போகணும்னா, வண்டி கிளம்பலைன்னா, எங்க வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. பையன் பைக்குல வந்து கூட்டிட்டுப் போவான். எந்நேரமானாலும் பரவாயில்ல" என்றார். ஒரு வண்டியின் பேட்டரி அடங்கும்போது இன்னொரு வண்டி பக்கத்தில் வந்து நிற்கிறது. பங்கு என்பதன் பொருளை அப்பெண்மணியிடம் கற்றோம்.

கூட்டத்தின் நடுவே ஒருத்தி தம் ஆடையைத் தொட்டபோது, தம்மிலிருந்து வல்லமை வெளியேறியதை ஆண்டவர் உடனே உணர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். நமக்கு அந்த உணர்வு இல்லை. நம்மிலிருந்து வெளியேறுவதை நாம் அறிவதில்லை. ஆகவே இரவு உறங்குமுன் ஆன்ம சோதனை செய்யும்படி திருச்சபை நமக்குப் பழக்கியிருக்கிறது. பல ஆண்டுகளாக அதைக் கட்டிலில் சாய்ந்தவாறே இரண்டு நிமிடத்தில் முடித்துவந்தோம். இப்போது பாய் சொன்னபடி செய்கிறோம். கைப்பேசியை அணைத்து, கதவைச் சாத்தி, உடனே அளக்காமல், உள்ளே ஓடிக்கொண்டிருப்பவை ஒவ்வொன்றாக அடங்கும்வரை அரைமணி காத்திருக்கிறோம். எல்லாம் அடங்கிய பின்னும் எது எரிகிறதென்று பார்க்கிறோம். மதில் கணக்கைப் பற்றிப் பேசிய அந்த மனிதரின் முகம் சில இரவுகளில் இன்னும் தெரிகிறது. அப்போது அவர் பெயரைச் சொல்லி ஒரு செபம் சொல்லிவிட்டு உறங்கச் செல்கிறோம்.